கேள்வி பதில்: கின்னோ ஒட்டுப் பழமா?

கேள்வி: குளிர்காலம் வந்தால் தள்ளுவண்டியில் ‘கின்னோ ஆரஞ்சு’ குவித்து விற்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது, கொட்டையும் நிறைய. “இது ஒட்டுப் பழம், குழந்தைக்குக் கொடுக்காதே” என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- திண்டுக்கல் வாசகி

பதில்: தாராளமாகக் கொடுங்கள், கொட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒட்டு வேறு, கலப்பு வேறு. ஒரு செடியின் தண்டைக் கீறி இன்னொன்றின் மொட்டை வைத்துக் கட்டினால் அது ஒட்டு. மேலே எதை வைத்தோமோ அதன் பழம்தான் காய்க்கும். கலப்பு பூவில் நடப்பது. ஒரு மரத்தின் மகரந்தத்தை வேறொரு ரகத்தின் பூவில் தடவி, அது காயாகிப் பழுத்த பிறகு அதன் விதையை முளைக்க வைப்பார்கள், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் எச்.பி. ஃபிராஸ்ட் என்பவர் 1915இல் ‘கிங்’, ‘வில்லோ லீஃப்’ என்ற இரண்டு ஆரஞ்சு ரகங்களை இப்படிச் சேர்த்தார், இரண்டு பெயரையும் ஒட்டவைத்தால் கின்னோ. விதை மரமாகி, காய்த்து, பழம் தேறுமா என்று வருஷக்கணக்கில் பார்த்து, 1935இல்தான் வெளியே விட்டார்கள். இன்று நம் பஞ்சாப் முழுக்க அதுதான்.

அப்புறம், கலப்பு என்றாலே பயப்படுகிறவர்கள் சாத்துக்குடியையும் தொட முடியாது. அதுவும் பம்ளிமாஸும் கமலாவின் இனமும் கலந்து வந்ததுதான், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சீனாவில் இருந்த பழம். கிரேப்ஃப்ரூட்டின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆசியாவிலிருந்து போன பம்ளிமாஸும் ஆரஞ்சும் கரீபியன் தீவான பார்படோஸில் அருகருகே வளர, 18ஆம் நூற்றாண்டில் யாரும் திட்டமிடாமலே பிறந்தது அது. மகரந்தத்துக்கு வேலி ஏது!

கேள்வி: தொட்டியில் ஒரே ஒரு எலுமிச்சை விதைதான் போட்டேன், இரண்டு முளை வந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?
- மதுரை வாசகர்

பதில்: செழிப்பாக இருப்பதை. எலுமிச்சை விதைக்குள் பல கருக்கள் இருக்கும். ஒன்று மகரந்தம் சேர்ந்து உருவானது, மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே கிளம்பியவை, அதாவது அப்படியே தாயின் நகல்கள். பெரும்பாலும் இந்த நகல்கள்தான் முந்திக்கொண்டு திடமாக வளரும். விதைபோட்டு வளர்த்தாலும் தோட்டத்து எலுமிச்சை ரகம் மாறாமல் இருப்பது இதனால்தான். கலப்பு செய்கிறவர்களுக்கோ இதுவே பெரிய தலைவலி: நூறு பூவில் மகரந்தம் தடவிவிட்டுக் காத்திருந்தால், முளைக்கிறதில் பாதிக்கு மேல் தாயின் நகலாகவே போய்விடலாம். கின்னோவைத் தந்த அதே ஃபிராஸ்ட் இந்த விஷயத்தையும் ஆழமாக ஆராய்ந்தவர்.

நாலைந்து இலை விட்டதும் மண்ணை நன்றாக நனைத்து, வேர் அறுபடாமல் இரண்டையும் பிரித்து வையுங்கள். முள் குத்தும், காய்க்க நாலைந்து வருஷம் ஆகும், தொட்டி என்றால் இன்னும் தள்ளிப்போகலாம். சின்னதையும் தூக்கி எறிய வேண்டாம், இடம் இருந்தால் வளர்த்துப் பாருங்கள், அது புதுக் கலப்பாகவும் இருக்கலாம்.