எடை குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பால்: காரைக்குடிச் சகோதரிக்கு

1.9 கிலோவில் பிறந்த பிள்ளை 5 நிமிடத்தில் தூங்கிவிடுகிறது, ஆச்சி டப்பாப் பாலுக்கு மாறச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாறாதீர்கள். பெரும்பாலும் பால் குறைவதில்லை, சின்ன உடம்பு உறிஞ்சிக் களைத்துப்போகிறது.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் கொடுங்கள். குடித்து முடித்ததும் மார்பில் மிச்சமிருப்பதைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடையால் (மூக்குள்ள சிறு கிண்ணம்) புகட்டுங்கள். கொழுப்பு மிகுந்த பின்பால் அதுதான், எடை ஏற்றுவதும் அதுவே. புட்டி வேண்டாம். சட்டையில்லாமல் மார்போடு அணைத்து வையுங்கள். சூடு காக்கும், பாலும் ஊறும்.

நாளுக்கு 6 முறையாவது சிறுநீர், 20–30 கிராம் எடையேற்றம் இருந்தால் போதும். குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ உடனே மருத்துவமனை. 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு உணவோடு 2 வயதுவரை. இரும்புச்சத்துச் சொட்டுமருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.