வாசகர் கேள்வி பதில்: காந்தம் ஏன் மிதக்க மாட்டேங்குது?

கேள்வி: சின்ன நியோடைமியம் காந்தங்கள ஒரு அட்டையில வட்டமா ஒட்டி, எல்லாத்துக்கும் வடதுருவம் மேல பாக்குற மாதிரி வெச்சு, நடுவுல இன்னொரு காந்தத்த மிதக்க விடப் பாத்தேன். கைய விட்டதும் ஓரமா வழுக்கி, கவுந்து, டப்புனு ஒட்டிக்குது. இன்னும் நெறைய காந்தம் சேத்தா நிக்குமா?

பதில்: நிக்காதுங்க. எத்தனை சேத்தாலும் எப்படி அடுக்கினாலும் நிக்காது, உங்க கைத்திறமைல எந்தக் குறையும் இல்ல. 1842லயே எர்ன்ஷானு ஒரு ஆங்கிலேய கணித அறிஞர் இதுக்கான கணக்க போட்டுட்டாரு. அசையாம இருக்குற நிலைக்காந்தங்கள மட்டும் வெச்சு இன்னொரு நிலைக்காந்தத்த அந்தரத்துல நிலையா நிறுத்த முடியாது. மேல கீழ அசையாம பிடிச்சு வெச்சா பக்கவாட்டுல தள்ளிவிடும், பக்கவாட்ட சரி பண்ணா மேல கீழ போயிடும், ஒரு திசைல கிடைக்குற உறுதிக்கு இன்னொரு திசைல விலை குடுத்தே ஆகணும். இதுல காந்தம் தானா திரும்பி எதிர்துருவத்த காட்டுறது வேற தனித் தொல்லை.

அதனால செய்யவேண்டியது அந்த விதில எங்க ஓட்டை இருக்குனு தேடுறதுதான், எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சதே அதுதான். சுலபமான வழி, ஒரு திசைய மட்டும் வேற ஒண்ணு தாங்கிக்கட்டும். ஒரு பென்சில்ல ரெண்டு வளையக் காந்தத்த மாட்டி, கீழ ரெண்டு ஜோடி காந்தம் வெச்சு படுக்கை வசத்துல மிதக்கவிடுங்க, பென்சில் முனை மட்டும் ஒரு சின்ன கண்ணாடித் துண்டுல முட்டி நிக்கணும், மேல உள்ள வளையங்கள கண்ணாடி பக்கமா லேசா தள்ளி வெச்சாதான் அது முட்டிக்கிட்டே இருக்கும். சுத்திவிட்டா ரொம்ப நேரம் சுத்தும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும்.

ரெண்டாவது வழி, காந்தத்தையே பம்பரமா சுத்தவிட்டு இன்னொரு காந்தத்துக்கு மேல மிதக்கவிடுறது. லெவிட்ரான் பொம்மை இந்த வகைதான், இதுக்கு அடிப்படையான பேடன்ட ராய் ஹாரிகன் 1983ல வாங்கினாரு. சுழற்சி அத கவுழாம காப்பாத்தும், ஆனா எடை துளி கூடினாலோ குறைஞ்சாலோ நிக்காது, அதனால குட்டி குட்டி வாஷர் போட்டு எடைய சரி பண்ணணும். வேகம் ரொம்ப அதிகமானாலும் சரிவராது. காத்து உரசி வேகம் குறைஞ்சதும் விழுந்துடும்.

கேள்வி: கரண்ட் இல்லாம, சுத்தாம, எதையும் தொடாம சும்மா மிதக்க வழியே இல்லையா?

பதில்: இருக்கு! பைரோலிடிக் கிராஃபைட்னு ஒண்ணு கிடைக்கும், காந்தப்புலத்த லேசா விலக்குற பொருள், டயாமேக்னடிக்னு சொல்வாங்க. நாலு கனசதுர நியோடைமியம் காந்தத்த சதுரங்கப் பலகை மாதிரி வடக்கு தெற்கு மாத்தி மாத்தி சேத்து வெச்சு, அதுக்கு மேல மெல்லிசா சீவின கிராஃபைட் துண்ட வெச்சா ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல நிக்கும். ஊதினா ஆடும், ஆனா திரும்ப நடுவுலயே வந்து நிக்கும். இதுக்கு எர்ன்ஷா விதி தடையில்ல, ஏன்னா கிராஃபைட்டுக்குனு சொந்தமா நிலையான துருவம் கிடையாது, சுத்தி இருக்குற புலத்துக்கு எதிரா அப்பப்ப உருவாகுற காந்தத்தன்மைதான். தண்ணியும் இப்படிப்பட்ட பொருள்தான், அதனாலதான் 1997ல நெதர்லாந்துல ஆந்த்ரே கெய்ம் கூட்டாளிகளோட சேந்து சுமார் 16 டெஸ்லா (காந்தப்புல பலத்த அளக்குற அலகு) புலத்துல ஒரு உயிருள்ள தவளைய மிதக்கவிட்டாரு. வீட்டுக் காந்தத்துக்கு தவளையெல்லாம் ரொம்ப ஓவர், கிராஃபைட்டோட ஆரம்பிங்க.

கேள்வி: வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, பக்கத்துல வெச்சு செய்யலாமா?

பதில்: குட்டிப் பசங்க இருக்குற இடத்துல வேண்டவே வேண்டாம். ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடல் சுவர நடுவுல வெச்சு ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுடும். முழுங்கியிருக்குமோனு சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், காத்திருந்து பாக்கக்கூடாது. பெரியவங்களும் கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கோங்க, நியோடைமியம் மோதினா சில்லு சில்லா உடைஞ்சு தெறிக்கும். இன்னொண்ணு, சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் தாண்டினா பலம் இழக்க ஆரம்பிக்கும், அதனால நேரடியா சால்டர் வைக்காம பசை போட்டே ஒட்டுங்க.