காய்கறி உறைகிறது: சென்சார் பழுதா, பி.சி.பி. பழுதா?

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டு கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சில வாரங்களாகக் கீழ்ப்பகுதியில் வைக்கும் கீரையும் தயிரும் உறைந்துபோகின்றன. கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், ஃபிரிட்ஜின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான பி.சி.பி. போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். உள்ளே குளிரை அளக்கும் சென்சார் பழுதாக இருக்கலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எதை நம்புவது?

பதில்: சென்சாரை அளந்து பார்க்காமல் போர்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சென்சாரின் விலை போர்டின் விலையில் சிறு பங்குதான். அது நலமாக இருக்கிறதா என்பதைச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டே கண்டறிந்துவிடலாம்.

அதற்கு முன், நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு, இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் கதவைத் திறந்தவுடன் அளவைப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சென்சார் மீது சந்தேகம் தேவையில்லை. குளிர்காற்று வரும் துளைக்கு நேராகக் கீரையை வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்தால் போதும். கதவின் ஓரத்து ரப்பர் பட்டையான கேஸ்கெட் தளர்ந்திருந்தாலும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஆனால் அப்போது பொருள்கள் உறைவதில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸராக இருந்தால் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடுவது அதன் இயல்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தண்ணீர் 0 டிகிரியை ஒட்டி இருந்தால் சென்சாரைச் சோதிக்கத்தான் வேண்டும். இவ்வகை ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு உறுப்பு. குளிர் கூடக்கூட அதன் மின்தடை உயரும், வெப்பம் கூடினால் குறையும். அந்தத் தடையை வைத்துத்தான் போர்டு உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. சென்சாரின் உறைக்குள் ஈரம் புகுந்துவிட்டால் தடை குறைந்து, உள்ளே இன்னும் வெப்பமாக இருப்பதாக போர்டு எண்ணி, குளிரை மேலும் மேலும் அனுப்பும். உங்கள் வீட்டில் நடப்பதாகத் தோன்றுவது இதுதான். கனெக்டரில் பச்சை பூத்துத் தொடர்பு கெட்டாலோ நேர்மாறாக, தடை கூடி, போதுமான குளிர் வந்துவிட்டதாக எண்ணி போர்டு கம்ப்ரஸரை முன்கூட்டியே நிறுத்திவிடுவதால் பால் திரிந்துபோகும். கம்பி முழுவதும் அறுந்துவிட்டால் பல மாடல்களில் பிழைக் குறியீடு தெரியும். அளவு சற்றே பிசகிய சென்சாருக்கு அப்படி எந்த அறிகுறியும் வராது. போர்டின் மீது பழி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோதனையை மெக்கானிக்கைக் கொண்டே, உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டே அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் போர்டில் உள்ள மற்ற உறுப்புகளின் தடையும் சேர்ந்து தவறான எண் வரும். ஒரு கிண்ணம் நிறைய நொறுக்கிய ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். சென்சாரின் முனையை அதில் பத்து நிமிடம் வைத்து அளவெடுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, 0 டிகிரியில் சுமார் 27 முதல் 33 கிலோ ஓம் வரை காட்ட வேண்டும். 5 கிலோ ஓம் வகையானால் சுமார் 13 முதல் 16 வரை. உங்கள் மாடலுக்குரிய சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. அளவு தெளிவாகக் குறைந்திருந்தாலோ, முனையைக் கையால் பொத்தும்போது எண் சீராக இறங்காமல் தாவினாலோ சென்சாரை மாற்றுங்கள். எண் சரியாக இருந்தால், கீழ்ப்பகுதிக்குக் குளிர்காற்றை விடும் டேம்பர் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே போர்டுக்கு வர வேண்டும்.

கேள்வி: போர்டை மாற்றிய பிறகும் இதே குறை தொடர்ந்தால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஆவணம் வேண்டும். என்ன பழுது, எந்த உதிரிபாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய ரசீதையும், கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் தரும் 10 ஆண்டு வாரண்டி கம்ப்ரஸருக்கு மட்டுமே என்பதால், சென்சாருக்கும் போர்டுக்கும் எவ்வளவு காலம் என்று வாரண்டி அட்டையில் தனியாகப் பாருங்கள். தவறாகக் கண்டறிந்து தேவையற்ற பாகத்தை மாற்றுவதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். முதலில் சர்வீஸ் மையத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பயனில்லையெனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் தீர்வு கிடைக்காவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.