பூவுக்கும் ஒரு காலனி

கேள்வி: என் மகள் செயற்கைக்கோள் படங்களை வைத்து நீலகிரியின் குடியிருப்புகளை வரைபடமாக்கும் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறாள். படம்தான் வானத்திலிருந்தே வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர் ஊராக) அலைகிறாள்?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: நானும் இதே மலையில் இதே வேலையைச் செய்து பட்டம் வாங்கியவள்தான், அம்மா. என் வீட்டிலும் இதே கேள்விதான்!

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30 மீட்டர். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள் ஒரு வரிசை முழுக்கச் சேர்ந்தாலும் சில புள்ளிகள்தான். கவாத்து செய்த தேயிலைச் சரிவு பழுப்பாகக் கிடந்தால் கணினி அதையும் ஊர் என்று நினைத்துக்கொள்ளும்.

என் முதல் வரைபடத்தில் கேத்தி பக்கம் திடீரென்று ஒரு காலனி முளைத்திருந்தது. ஆசையாகப் போய்ப் பார்த்தால் வரிசையாகப் பசுமைக்குடில்கள். பாலிதீன் கூரை வெயிலில் மின்னுகிறது. "இங்க பூ மட்டும்தாம்மா குடியிருக்கு" என்று டீயை நீட்டினார் தோட்டக்காரர். தோடர்களின் புல் வேய்ந்த கோயிலோ, பக்கத்துப் புல்வெளியோடு கலந்து காணாமலே போய்விட்டது.

மழை மாதங்களில் மேகம் வேறு. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், சரி. ஆனால் செங்குத்துச் சரிவின் மறுபக்கம் அதற்கு வெறும் நிழல்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கூரை தெரியும், பூட்டு தெரியாது; உள்ளே ஆள் இருக்கிறாரா என்று படம் சொல்லாது. அதற்குத்தான் நடக்கிறாள்.

நல்ல ரெயின்கோட் ஒன்று வாங்கிக்கொடுங்கள். அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பும்.