நடுவழியில் நின்றுவிடும் வழிகாட்டி நாய்

கேள்வி: பார்வை இழந்த என் தம்பிக்கு வழிகாட்டி நாய் வந்து ஐந்து வாரமாகிறது. பயிற்றுநர் கூட வந்தபோது அழகாக நடந்த நாய், இப்போது நடைபாதையில் நின்றுவிடுகிறது. 'ஃபார்வர்ட்' என்று எத்தனை தரம் சொன்னாலும் அசைவதில்லை. என்னைக் கண்டால் என் பக்கம் இழுக்கிறது. வீட்டில் எல்லோரும் அதைச் செல்லமாகத்தான் பார்க்கிறோம். நாங்கள் சாப்பிடும்போது அம்மா அதற்கும் ஒரு வாய் ஊட்டுவார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான்.
- வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஐந்து வாரத்தில் இதை முடிவு செய்யக் கூடாது.

நாய் நின்றதே அதன் வேலையாக இருக்கலாம். நான் வழிகாட்டி நாய்ப் பயிற்றுநராகத் தொழில் பழகிய நாட்களில் கண்ணைக் கட்டிக்கொண்டு நாயோடு நடப்போம். ஒருநாள் நாய் சட்டென்று நின்றது. மூன்று தரம் சொல்லியும் அசையவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. பின்னால் வந்த மூத்த பயிற்றுநர், "கையை நீட்டிப் பார்" என்றார். நெற்றி உயரத்தில் மரக்கிளை! நாய் அதன் கீழே தாராளமாகப் போயிருக்கும். என் உயரத்துக்காக நின்றது. ஆபத்து இருந்தால் சொல்லை மீறு என்றுதான் இந்த நாய்களைப் பழக்குகிறோம். அதனால் தம்பி முதலில் காலால் துழாவி, கையை நீட்டிப் பார்க்கட்டும். தடை இருந்தால் நாயைப் பாராட்டட்டும். ஒன்றும் இல்லையென்றால் மறுபடி சொல்லட்டும்.

சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றால், தம்பியின் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். நாய் சிக்னலைப் படிக்காது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, கடக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் தம்பிதான். இங்கே பல கடவைகளில் பொத்தான் பெட்டியின் அடியில் சின்னக் கூம்பு ஒன்று இருக்கும். கடக்கலாம் என்று காட்டும் பச்சை மனித உருவ விளக்கு எரியும்போது அது சுழலும். அதில் விரலை வைத்துப் பழகச் சொல்லுங்கள். பார்வை உள்ள பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உங்கள் பக்கம் இழுப்பது வேறு விஷயம். அந்த நாய் குட்டியாக ஒரு தன்னார்வலர் வீட்டில் வளர்ந்து, ஒரு வயது தாண்டியதும் அவரைப் பிரிந்தது. பிறகு பயிற்றுநரையும் பிரிந்தது. இப்போது மூன்றாம் தரமாக, தன் ஆள் யார் என்று தேடுகிறது. சோறு வைப்பது அம்மா, கொஞ்சுவது நீங்கள், வேலை வாங்குவது மட்டும் தம்பி என்றால் அது யாரிடம் போகும்? இன்னும் சில மாதங்களுக்கு உணவு வைப்பது, முடி வாரிவிடுவது, மலசலத்துக்கு வெளியே கூட்டிப்போவது எல்லாம் தம்பியின் கையாலேயே நடக்கட்டும். ஹார்னஸ், அதாவது தம்பி பிடித்து நடக்கும் கைப்பிடி உள்ள பட்டை, போட்டிருக்கும்போது நீங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கண்ணைக்கூடப் பார்க்காதீர்கள்.

அம்மா ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும், பாயாசத்தில் இருக்கும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. மேசையில் உணவு கிடைக்கும் என்று பழகிய நாய், உணவுக்கடையைக் கண்டாலே தம்பியை அங்கே இழுத்துக்கொண்டு போகும்.

நாய் தந்த நிறுவனத்துக்குத் தம்பியே தொலைபேசியில் பேசி, பயிற்றுநரை மறுபடி வரச் சொல்லட்டும். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம். இது எங்கள் வேலையில் பாதி. பயிற்றுநர் வரும் நாளில் நீங்கள் கூட நடக்காமல் வீட்டிலேயே இருங்கள். அம்மாவுக்கு ஆசையாக இருந்தால், ஹார்னஸைக் கழற்றிய பிறகு தம்பியிடம் கேட்டுவிட்டுத் தடவிக் கொடுக்கலாம்.