சிறையிலிருந்தே மேல்முறையீடு: கேள்வி பதில்

தண்டனையை எதிர்த்துக் கைதி தானே மனுப்போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, குற்ற வழக்கு நடத்தும் வக்கீலாகப் பதில் சொல்கிறேன்.

சார், செஷன்ஸ் கோர்ட்டில் தம்பிக்குப் பத்து வருஷம் கொடுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. அவனே எழுதிப் போடலாமா?

தாராளமாக. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 383-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 424. மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறை அதிகாரியிடம் கொடுத்தால், கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. ஹைகோர்ட்டுக்கு 60 நாள் கெடு. தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இதில் சேராது.

கெடு தாண்டிவிட்டது. நகலே கைக்கு வரவில்லை.

அதையே காரணமாக எழுதித் தாமதத்தை மன்னிக்கக் கேளுங்கள். கைதிக்கு நகல் இலவசம். 1978-இல் ஹோஸ்கோட் என்ற கைதியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், நகலைச் சிறை அதிகாரி உடனே கொடுத்துக் கைதியிடம் எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்றது. அந்த ஒப்புகை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால், நகல் வரவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு அதுவே பலம்.

அப்பீல் போனால் தண்டனை கூடிவிடும், கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று உள்ளே சொல்கிறார்களாமே?

கைதி போட்ட அப்பீலில் கூட்ட முடியாது. அரசுத் தரப்பு தனியாகக் கேட்டால்தான் சிக்கல். ஹோஸ்கோட்டுக்கே அப்படித்தான் ஆனது: அன்றைக்குக் கோர்ட் கலையும்வரை மட்டும் காவல் என்றிருந்த தண்டனை, ஹைகோர்ட்டில் மூன்று வருஷமானது.

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு?

தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் மட்டும் கேட்கலாம்.

மனுவில் என்ன எழுதுவது?

நான் பார்த்த மனுக்களில் பாதி, பழைய வக்கீலைத் திட்டுவதிலேயே தீர்ந்துவிடும். அது உதவாது. சாட்சி கோர்ட்டில் முதல் விசாரணையில் (அவரை அழைத்த தரப்பு கேட்டபோது) என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் (எதிர்த் தரப்பு கேட்டபோது) எங்கே மாறினார், தீர்ப்பு அதைத் தொட்டதா? பக்க எண்ணோடு எழுதுங்கள். குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் கலக்காமல், தனித்தனியாக. தண்டனைப் பகுதியில் வயது, முன்வழக்கு இல்லாதது, குடும்ப நிலை எல்லாம் வரட்டும். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைக் கழிக்கச் சொல்லுங்கள் (இப்போதைய சன்ஹிதாவில் 468-ஆம் பிரிவு). பல பிரிவுகளில் தண்டனை என்றால் ஒரே காலத்தில் அனுபவிக்க உத்தரவு கேளுங்கள். இந்தக் கடைசி வரி விட்டுப்போனால் வருஷக் கணக்கில் வித்தியாசம் வரும். சட்டத் தமிழ் வேண்டாம், கையெழுத்து புரிந்தால் போதும்.

அவனே வாதாடுவதாகச் சொல்கிறான். விடலாமா?

எழுதுவது வேறு, நின்று வாதாடுவது வேறு. அமெரிக்காவில் கிடியன் என்பவர் வக்கீல் இல்லாமல் தானே வாதாடித் தோற்றார். அப்புறம் சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி சுப்ரீம் கோர்ட்டை அசைத்தார். 1963-இல் அந்தக் கோர்ட், வசதியில்லாதவருக்கு வக்கீல் தந்தாக வேண்டும் என்றது. மறுவிசாரணையில் வக்கீலோடு போய் விடுதலையானார். மனு அவருடையது, வாதம் வக்கீலுடையது. இங்கே காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987 சட்டப் பணிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச வக்கீல் உண்டு. தம்பி மனுவை எழுதட்டும். கூடவே, எனக்கு வக்கீல் வேண்டும் என்று ஒரு வரியும் சேர்க்கட்டும்.

அதுவரை வெளியே வர வழி?

தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரக் கேட்கலாம், சன்ஹிதாவில் 430-ஆம் பிரிவு. அப்பீலோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.