பழைய ஹோண்டா சிட்டியில் கூலன்ட் குறைகிறது: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2011-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் கார் இருக்கிறது. 1,32,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. வண்டி ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. போன வாரம் நெரிசலில் ஒருமுறை, இன்ஜின் சூடானதைக் காட்டும் சிவப்பு விளக்கு டாஷ்போர்டில் எரிந்தது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினை இறக்கும்போது டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடலாம், அதுவரை தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள் என்கிறார் மெக்கானிக். செய்வதா, வண்டியை விற்றுவிடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் வண்டியின் 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டே கிடையாது; இருப்பது செயின். இல்லாத ஒன்றை மாற்றச் சொல்பவர் இந்த இன்ஜினை அதிகம் பிரித்துப் பார்த்தவராக இருக்க முடியாது என்பதால், ஹெட் கேஸ்கெட் பற்றிய அவரது முடிவையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஏசி பற்றிய வரிதான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்ஸரையும் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டரையும் (கூலன்ட்டை ஆறவைக்கும் பகுதி) குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலையை ஃபேன்கள்தான் செய்ய வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் ஏசி குளிராமல் போவதும், நெரிசலில் மட்டும் இன்ஜின் சூடாவதும் சேர்ந்து வந்தால், முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான் விழ வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். கம்ப்ரஸர் பிடித்ததும் முன்னால் உள்ள இரண்டு ஃபேன்களும் சுழல வேண்டும். ஒன்று சுழலவில்லை என்றால் அதன் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுழலாத ஃபேனின் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் அது ஓடத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஃபேன் எந்த நொடியிலும் சுழலலாம் என்பதால், தட்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை மட்டும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்து கூலன்ட். இது பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய சுற்றில் ஓடிக்கொண்டே இருப்பது. இரண்டு வாரத்தில் குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த மூடி, சுற்றுக்குள் ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் தண்ணீரும் கூலன்ட் அடர்திரவமும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் 125 டிகிரி செல்சியஸ் வரைகூடக் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டில் விரிந்து ரிசர்வ் டேங்குக்குப் போன கூலன்ட்டை, வண்டி ஆறியதும் மீண்டும் ரேடியேட்டருக்குள் இழுத்துக்கொள்ள வழிவிடுவதும் இதே மூடிதான். பல ஆண்டுப் பழைய மூடியைக் கழற்றி அடியில் உள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பிளாஸ்டிக்கைப் போல இறுகி, ரேடியேட்டர் வாயின் விளிம்பு பதிந்த பள்ளம் வட்டமாகத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மூடி கெட்டிருக்கும்போது டேங்கில் அளவு சரியாக இருக்க, ரேடியேட்டரில் குறைந்திருக்கவும் கூடும். ஆகவே வாரம் ஒருமுறை, காலையில் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டரையே திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

மூடி சரியாக இருந்தால் ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கசிந்து உலர்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போலப் பொருக்குப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, கைப்பம்பால் சுற்றுக்குள் அழுத்தம் ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்க்கும் கருவி பல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு.

இவை எதிலும் பிடிபடவில்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட். அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனைக் குழாயில் உள்ள நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கலக்கிறது என்பது உறுதி. அந்தச் சோதனையில் மாட்டினால் மட்டுமே செலவுக்குத் தயாராகுங்கள்.

“தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள்” என்ற யோசனையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு, வீட்டு ஹீட்டர் காயிலில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். வழியில் வேறு வழியே இல்லாமல் ஊற்ற நேர்ந்தால், ஊர் வந்ததும் முழுவதையும் வடித்து, கலந்தே விற்கப்படும் கூலன்ட்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.

இந்தத் தலைமுறை சிட்டியில் வெப்பம் காட்டும் முள் இல்லை. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, மிதமிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்த பிறகும், ‘ஊர் பக்கத்தில்தானே’ என்று எட்டுக் கிலோமீட்டர் ஓட்டி வந்த ஒருவரின் வண்டியை நான் பிரித்திருக்கிறேன். அலுமினிய ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்துச் சமன்படுத்த வேண்டியதாயிற்று. அந்த விளக்கு எரிந்த உடனே ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைய உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறிய ப்ளூடூத் கருவியைச் செருகினால், கூலன்ட்டின் வெப்பத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். சாதாரணமாக 90 டிகிரியை ஒட்டியே நிற்கும். நெரிசலில் அது 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், சிவப்பு விளக்குக்காகக் காத்திருக்காமல் வண்டியை நிறுத்திவிடுங்கள்.